பீடி பிடிப்பவரின் ஈறு நோய்க்கு ப்ரோபயாடிக் மாத்திரை போதுமா?

கேள்வி இது: "என் அப்பாவுக்கு 57 வயது. முப்பது வருடங்களாகப் பீடி பிடிக்கிறார், நாளுக்கு ஒரு கட்டு. கீழே முன்பற்கள் இரண்டு ஆடுகின்றன. ஈறு நோய் முற்றியிருக்கிறது, நான்கு தடவை வந்து சுத்தம் செய்துகொள்ள வேண்டும் என்கிறார் பல் மருத்துவர். அப்பாவுக்கு விருப்பமில்லை. 'ரத்தமே வரவில்லையே, எனக்கு எங்கே ஈறு நோய்?' என்கிறார். புகைப்பவர்களின் ஈறுகளுக்கு ப்ரோபயாடிக் மாத்திரை நன்றாகக் கேட்கிறது என்று படித்தேன். அதை வாங்கிக் கொடுத்தால் போதுமா?"

போதாது. நீங்கள் படித்தது பொய் இல்லை, அதற்குப் பின்னால் உண்மையான ஆய்வுகள் இருக்கின்றன. ஆனால் அந்த ஆய்வுகளில் பெரும்பாலானவற்றில் இந்த நல்ல பாக்டீரியா மாத்திரை வந்தது ஈறுகளைச் சுத்தம் செய்த சிகிச்சையோடு சேர்ந்துதான். சிகிச்சையைத் தள்ளிப்போட்டு மாத்திரையைக் கொடுத்தால் அப்பா ஆறு மாதத்தை இழப்பார், அந்த ஆறு மாதத்தில் பல்லைத் தாங்கும் எலும்பும் கரையலாம். ஈறு மருத்துவம் படித்து, பீடியும் சிகரெட்டும் பிடிப்பவர்களின் வாயைப் பல வருடங்களாகப் பார்த்து வருகிறவன் என்ற முறையில் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் அப்பாவின் "ரத்தமே வரவில்லையே" என்ற பேச்சை எடுத்துக்கொள்வோம். என்னிடம் வந்தவர்களில் எத்தனையோ பேர் பல்லை இழந்தது இந்த ஒரு நம்பிக்கையால்தான்.

ஈறின் ஆழத்தை அளக்க எங்களிடம் ஒரு மெல்லிய கம்பி இருக்கிறது. முனை மழுங்கியது, மில்லிமீட்டர் கோடுகள் போட்டது. பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே மெல்ல விட்டால், நல்ல ஈறில் 1 முதல் 3 மில்லிமீட்டர் வரை இறங்கி நின்றுவிடும். நோய்வாய்ப்பட்ட ஈறில் மேலும் இறங்கும். அந்தப் பள்ளத்தைத்தான் 'பை' என்கிறோம். புகைக்காத ஒருவருக்கு 6 மில்லிமீட்டர் பை இருந்தால், கம்பியை வெளியே எடுத்த சில நொடிகளில் ஈறின் ஓரத்தில் ரத்தம் கசிந்து நிற்கும். நீண்ட நாள் பீடி பிடித்தவருக்கு அதே கம்பி 7, 8 என்று இறங்கும், கறுப்புக் கோடு ஈறுக்குள் மறைந்துபோகும். வெளியே எடுத்தால் கம்பி ஈரமாக இருக்கும், அவ்வளவுதான். ஈறும் வெளிறி, தடித்து, இறுக்கமாக, பார்வைக்கு நன்றாகவே இருக்கும். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் வேரில் பாதிக்கு எலும்பு இருக்காது.

நீண்ட காலப் புகைப் பழக்கத்தில் ஈறின் நுண்ணிய ரத்தக் குழாய்கள் பதில் சொல்லும் சக்தியை இழக்கின்றன. கிருமி வந்தால் குழாய்கள் விரிந்து, ஈறு சிவந்து, தொட்டால் ரத்தம் வர வேண்டும். உடல் அடிக்கும் எச்சரிக்கை மணி அதுதான். புகைப்பவருக்கு அந்த மணி அடிப்பதில்லை. கிருமியை விழுங்க வரும் வெள்ளணுக்களும் தடுமாறுகின்றன. பைக்குள் ஆக்சிஜன் குறைவதால், காற்று இல்லாத இடத்தில் செழிக்கும் போர்பைரோமோனாஸ் ஜிஞ்ஜிவாலிஸ் போன்ற கிருமிகளுக்கு அது வசதியான வீடாகிவிடுகிறது. அமெரிக்காவில் நாடு முழுவதும் எடுத்த உடல்நலக் கணக்கெடுப்பை வைத்து 2000இல் வெளியான ஆய்வில், புகைப்பவருக்கு இந்த நோய் இருக்கும் வாய்ப்பு புகைக்காதவரைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு என்று தெரிந்தது. பீடி சின்னதுதானே என்று நினைக்க வேண்டாம். பீடியில் புகையிலை குறைவு, ஆனால் அணையாமல் இருக்க அடிக்கடி இழுக்க வேண்டும். அதனால் உள்ளே போகும் நிகோட்டினும் கார்பன் மோனாக்சைடும் குறைவதில்லை.

ஆகவே ரத்தம் வராததை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ப்ரோபயாடிக் ஆய்வுகளைப் படிக்கும்போது இது மறுபடியும் வரும்.

அடுத்து, மருத்துவர் சொன்ன நான்கு தடவைச் சுத்தம். பல்லின் மேலே தெரியும் காறையை எடுப்பதோடு அது முடிவதில்லை. ஈறுக்கு அடியில், வேரின் மேல், கல்போல ஒட்டியிருக்கும் கறுப்புக் காறையை மரப்பு ஊசி போட்டு, ஒவ்வொரு பக்கமாகச் சுரண்டி எடுக்க வேண்டும். இந்த ஆழ்சுத்தத்துக்குத்தான் நான்கு தடவை. 'பல்லைச் சுத்தம் செய்தால் பல் ஆடிவிடும்' என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வதுண்டு. அப்பாவின் தயக்கத்துக்கும் அது காரணமாக இருக்கலாம். எலும்பு போன பிறகு அந்தப் பற்களைப் பிடித்துக்கொண்டிருப்பது ஒன்றோடொன்று கட்டிக்கொண்ட காறைதான். அதை எடுத்தவுடன் ஏற்கெனவே இருந்த ஆட்டம் தெரியவருகிறது. சில வாரங்களில் வீக்கம் வடிந்து ஈறு இறுகும்போது அந்த ஆட்டத்தில் ஒரு பங்கு குறையும். இதை அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் முதல் தடவையோடு நிறுத்திவிடுவார்.

இந்தச் சிகிச்சை புகைப்பவருக்குச் சற்றுக் குறைவாகத்தான் பலிக்கிறது. 5 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட பைகள் சுருங்கும் அளவில், புகைக்காதவரோடு ஒப்பிட்டால் சராசரியாக 0.4 மில்லிமீட்டர் குறை விழுகிறது. சொற்பம் என்று தோன்றலாம். ஆனால் இந்தச் சிகிச்சையில் மீட்பதே ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர்தான். அதில் 0.4 போனால் கால்வாசி போகிறது. இந்தக் குறையை எதைக் கொண்டு ஈடுகட்டலாம் என்று தேடியவர்கள் எடுத்துப் பார்த்தவற்றில் ஒன்றுதான் ப்ரோபயாடிக்.

போதுமான அளவில் உட்கொண்டால் உடலுக்கு நன்மை தரும் உயிருள்ள நுண்ணுயிர்களே ப்ரோபயாடிக் என்று 2001இல் ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பும் உலக சுகாதார அமைப்பும் சேர்ந்து வரையறை சொல்லின. 'உயிருள்ள', 'போதுமான அளவில்' என்ற இரண்டு சொற்களையும் பிடித்துக்கொள்ளுங்கள், வாங்கும்போது பயன்படும். ஈறு நோயில் அதிகம் சோதிக்கப்பட்டது லாக்டோபேசிலஸ் ரியூட்டரி என்ற பாக்டீரியா. அதில் இரண்டு வகைகளைச் சேர்த்து மாத்திரை செய்கிறார்கள். ஒன்றின் மூலம் பெரு நாட்டுத் தாய் ஒருவரின் பால், மற்றொன்று ஜப்பானியப் பெண் ஒருவரின் வாயில் கிடைத்தது. ஒரு மாத்திரையில் வகைக்குக் குறைந்தது 10 கோடி பாக்டீரியா. இவை ரியூட்டரின் என்ற கிருமிக்கொல்லிப் பொருளை உண்டாக்கும், அமிலம் சுரக்கும், கெட்ட கிருமி ஒட்டும் இடத்தைப் பிடித்துக்கொள்ளும், வீக்கத்தைத் தூண்டும் சமிக்ஞைகளையும் ஓரளவு தணிக்கும். ஆய்வுக்கூடத்தில் இவை தெளிவாகத் தெரிகின்றன. மனித வாயில் எது எவ்வளவு வேலை செய்கிறது என்பதில்தான் விவகாரம்.

உங்கள் கேள்விக்கு நேராகப் பொருந்தும் ஆய்வு ஜப்பானில் நடந்தது, 2008இல் வெளியானது. முற்றிய ஈறு நோய் இல்லாத 66 பேருக்கு, லாக்டோபேசிலஸ் சலிவேரியஸ் என்ற இன்னொரு பாக்டீரியாவின் மாத்திரையையோ அதேபோன்ற வெற்று மாத்திரையையோ 8 வாரம் கொடுத்தார்கள். யாருக்கு எது என்பது கொடுத்தவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது. அதில் பாக்டீரியா மாத்திரை எடுத்த புகைப்பவர்களுக்குப் பல்லில் படியும் கிருமிப் படலமும் பை ஆழமும், வெற்று மாத்திரை எடுத்த புகைப்பவர்களைவிட நன்றாகக் குறைந்தன. 'புகைப்பவர்களுக்குக் கேட்கிறது' என்ற பேச்சுக்கு இது ஒரு முக்கிய ஆதாரம். கவனியுங்கள்: அவர்களுக்கு முற்றிய நோய் இல்லை. 66 பேரில் புகைப்பவர்கள் ஒரு பகுதிதான், அவர்களையும் இரண்டாகப் பிரித்தால் ஒரு பக்கத்துக்கு எத்தனை பேர் மிஞ்சுவார்கள்? பல் ஆடும் நிலையில் இருக்கும் உங்கள் அப்பாவுக்கு அதை அப்படியே பொருத்த முடியாது.

நம் பக்கத்திலேயே, கர்நாடகத்தின் தாவண்கெரேயில், முப்பது பேரை வைத்து ஒரு சோதனை நடந்து 2010இல் வெளியானது. ஆழ்சுத்தத்தோடு ரியூட்டரி மாத்திரையும் சேர்ந்தபோது பலன் கூடியது. 2019இல் பிரேசிலில் புகைப்பவர்களை மட்டுமே எடுத்துச் செய்த சோதனை வெளியானது. முழு வாயையும் சுத்தம் செய்த பிறகு ரியூட்டரி 21 நாள், கவனித்தது 90 நாள். ஆழமான பைகளிலும் வீக்கத்திலும் கூடுதல் முன்னேற்றம் சொன்னார்கள். எனக்கு இந்த ஆய்வின் மேல் மதிப்பு உண்டு, ஏனென்றால் புகைப்பவர்களை ஓரத்தில் தள்ளாமல் அவர்களையே மையமாக வைத்தது. ஆனால் 90 நாள் ஈறு நோய்க்கு மிகக் குறுகிய காலம். ரத்தக் கசிவு குறைந்தது என்பதைப் புகைப்பவர்களிடம் எப்படி எடுத்துக்கொள்வது என்ற சிக்கலும் இருக்கிறது. அவர்களுக்கு ரத்தம் வராததே நோயின் முகமாக இருக்கலாம் என்று மேலே சொன்னேன் அல்லவா? அதனால் நான் ரத்தக் கணக்கைத் தாண்டி, பை எத்தனை மில்லிமீட்டர் சுருங்கியது என்பதை மட்டுமே பார்ப்பேன்.

எதிர்ப்பக்கமும் உண்டு. சிலி நாட்டில் லாக்டோபேசிலஸ் ரம்னோசஸ் என்ற பாக்டீரியாவைத் தூளாகக் கொடுத்து, அசித்ரோமைசின் ஆண்டிபயாட்டிக்கோடும் வெற்றுத் தூளோடும் ஒப்பிட்டார்கள். ஆழ்சுத்தம் செய்த எல்லாரும் தேறினார்கள். தூளாலோ ஆண்டிபயாட்டிக்காலோ கூடுதலாக ஒன்றும் கிடைக்கவில்லை. பாக்டீரியா வேறு, கொடுத்த விதமும் வேறு. ஒரு ப்ரோபயாடிக்கில் கண்ட பலனை எல்லா ப்ரோபயாடிக்குக்கும் எழுதிவைக்க முடியாது என்பதற்கு இது நல்ல சாட்சி.

இப்படி வந்த ஆய்வுகளையெல்லாம் எடைபோட்டு, ஐரோப்பிய ஈறு மருத்துவக் கூட்டமைப்பு 2020இல் சிகிச்சை வழிகாட்டி வெளியிட்டது. ஈறுக்கடிச் சுத்தத்தோடு ப்ரோபயாடிக்கைச் சேர்க்க வேண்டாம் என்பதே அதன் பரிந்துரை. ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது உறுதியான கூடுதல் பலன் தெரியவில்லை. ரியூட்டரி மாத்திரையில் சில குழுக்கள் நல்ல முடிவு கண்டன, மற்றவற்றில் அப்படி இல்லை. அதே வழிகாட்டி புகையை விடச் செய்வதைச் சிகிச்சையின் பகுதியாகவே சேர்த்திருக்கிறது.

என் கருத்து இது. ரியூட்டரி மாத்திரையை நான் யாருக்கும் தடுத்ததில்லை. ஆழ்சுத்தம் முடித்து, காலையும் இரவும் ஒழுங்காகத் துலக்கி, புகையை விடப் போராடிக்கொண்டிருக்கும் ஒருவர், 'இதையும் சேர்த்துக்கொள்ளட்டுமா?' என்று கேட்டால், வசதி இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள் என்பேன். கையில் இருக்கும் பணம் ஆழ்சுத்தத்துக்கோ மாத்திரைக்கோ ஏதாவது ஒன்றுக்குத்தான் போதும் என்றால், ஒரு நொடிகூட யோசிக்காமல் ஆழ்சுத்தத்துக்குக் கொடுங்கள். வேரில் காறையை அப்படியே விட்டுவிட்டு நல்ல பாக்டீரியாவைக் கொடுப்பது, களை பறிக்காத வயலில் நாற்று நடுவதுபோல.

வாங்குவதாக இருந்தால் சிலவற்றைப் பாருங்கள். வாயில் வைத்து மெல்லக் கரைய விடும் மாத்திரையாக இருக்க வேண்டும். வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் கேப்சூலும், சின்னக் குப்பியில் வரும் திரவமும் குடலுக்கானவை, ஈறைத் தொடாமலே உள்ளே போய்விடும். பெட்டியில் பாக்டீரியாவின் பெயரோடு அதன் வகை எண்ணும் எத்தனை கோடி என்பதும் அச்சிட்டிருக்க வேண்டும். வெறும் 'நன்மை செய்யும் பாக்டீரியா' என்று போட்டிருந்தால் வாங்க வேண்டாம். எந்த வெப்பத்தில் வைக்க வேண்டும் என்பதையும் படியுங்கள். பெரும்பாலும் 25 டிகிரிக்குள் என்றிருக்கும். அக்னி நட்சத்திரத்தில் ஓட்டுக் கூரைக்குக் கீழே அலமாரியில் வைத்த மாத்திரையில் எத்தனை உயிர் மிஞ்சியிருக்கும்? காலையும் இரவும் பல் துலக்கிய பிறகு ஒன்று, கரைந்த பின் சிறிது நேரம் தண்ணீர்கூட வேண்டாம். ஆய்வுகளில் மூன்று வாரம் முதல் மூன்று மாதம் வரை கொடுத்திருக்கிறார்கள். நிறுத்திய சில வாரங்களில் இந்தப் பாக்டீரியா வாயிலிருந்து மறைந்துவிடும், நிரந்தரமாகக் குடியேறுவதில்லை.

மருத்துவர் குளோர்ஹெக்சிடின் வாய்க்கழுவி கொடுத்திருந்தால் அதை முடித்த பிறகே மாத்திரையைத் தொடங்குங்கள். அது கெட்டது நல்லது பார்க்காமல் கொல்லும். ஆண்டிபயாட்டிக் சாப்பிடும் நாட்களுக்கும் இதுவே பொருந்தும். செயற்கை இதய வால்வு உள்ளவர்கள், புற்றுநோய் மருந்து எடுப்பவர்கள், எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் ப்ரோபயாடிக்கைத் தொடவே கூடாது. உயிருள்ள பாக்டீரியா அரிதாக ரத்தத்தில் கலந்து தொல்லை தரலாம்.

தயிர், மோர், பழைய சோற்று நீர் போதாதா என்று அடுத்து பலர் கேட்பார்கள். அவை நல்ல உணவு, தாராளமாகச் சாப்பிடட்டும். ஆனால் அவற்றில் இருக்கும் பாக்டீரியா வேறு, வாயில் தங்கும் நேரமும் சில நொடிதான். ஈறு நோய்க்கு மருந்தாக நினைத்து நம்பியிருக்க வேண்டாம்.

இன்னொரு வேலையும் பாக்கியிருக்கிறது. அப்பாவுக்கு மூன்று மாதச் சர்க்கரை அளவைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனை எடுத்துவிடுங்கள். சர்க்கரையும் புகையும் சேர்ந்தால் ஈறு மிக வேகமாகக் கெடும். இப்போதைய வகைப்பாட்டில் ஈறு நோய் எவ்வளவு வேகமாகப் போகும் என்று கணிக்க, எலும்பு எவ்வளவு போயிருக்கிறது என்பதோடு இந்த இரண்டையும் நாங்கள் பார்க்கிறோம்: நாளுக்கு 10 சிகரெட் அல்லது அதற்கு மேல், அல்லது ஹெச்பிஏ1சி 7 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்றால் வேகமான வகையில் சேர்த்துவிடுவோம். நாளுக்கு ஒரு கட்டு பீடி பிடிப்பவரை நான் யோசிக்காமல் அந்த வகையில்தான் வைப்பேன்.

கடைசியாகப் பீடி. இதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் எழுதினேன் என்றுகூட வைத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தின் நியூகாசிலில் ஈறு நோயுள்ள, புகையை விட விரும்பிய 49 பேருக்கு ஈறு சிகிச்சையும் புகையை விட ஆலோசனையும் சேர்த்துக் கொடுத்து ஒரு வருடம் கவனித்தார்கள். 2005இல் வெளியான அந்த ஆய்வில், வருடம் முழுவதும் தொடாமல் இருந்தவர்கள் ஐந்தில் ஒரு பங்குதான். ஆனால் அவர்களின் பைகள், புகையை விடாதவர்களையும், இடையில் நிறுத்தி மறுபடி பிடித்தவர்களையும்விடத் தெளிவாக அதிகம் சுருங்கின. நான் மேலே சொன்ன அமெரிக்க ஆய்விலும், புகையை விட்டு 11 வருடம் ஆனவர்களின் ஈறு, எப்போதுமே புகைக்காதவர்களின் நிலைக்கு வந்திருந்தது. 57 வயதில் விட்டாலும் பலன் உண்டு. அப்பா முதல் தடவையில் தோற்றால் திட்டாதீர்கள். முதல் முயற்சியிலேயே விட்டவர்கள் குறைவு. அரசின் புகையிலை விடுவிப்பு உதவி எண் 1800-11-2356, கட்டணம் இல்லை. நிகோட்டின் சூயிங்கம்மை ஆடும் பற்களோடு மெல்ல முடியாது. தோலில் ஒட்டும் நிகோட்டின் பட்டையைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

என்னிடம் வந்த ஒரு லாரி ஓட்டுநரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இருபது வருடப் பழக்கத்தை மகள் திருமணத்துக்காக விட்டவர், ஐந்தாவது வாரம் கோபத்தோடு வந்து நின்றார். கைக்குட்டையில் ரத்தக் கறை. "பீடி இருந்தவரைக்கும் ஒரு சொட்டு வந்ததில்லை, விட்டதும் இப்படி ஆகிவிட்டதே" என்றார். உண்மையில் அவருடைய ஈறு திரும்ப உயிர்பெற்றிருந்தது. மூடிக்கிடந்த குழாய்கள் வேலை செய்யத் தொடங்கியிருந்தன. 2003இல் வெளியான ஓர் ஆய்வில், புகையை விட்ட 27 பேருக்கு நான்கிலிருந்து ஆறு வாரத்துக்குள் ரத்தம் கசியும் இடங்கள் 16 சதவீதத்திலிருந்து 32 சதவீதமாக இரட்டித்தன. அவர்கள் முன்னைவிட நன்றாகப் பல் துலக்கியும் அப்படித்தான். இதை நான் அவரிடம் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. அன்று அவர் மறுபடி பீடியைத் தொட்டிருந்தால் அந்தத் தவறு என்னுடையது. அதன் பிறகு யாரிடமும் சொல்லாமல் விட்டதில்லை.

உங்கள் அப்பாவிடமும் இதை இப்போதே சொல்லிவிடுங்கள். முதல் தடவை சுத்தம் செய்யப் போகும்போது, ஒவ்வொரு பல்லுக்கும் பை அளவு எழுதிய தாளின் நகலை மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள், கொடுப்பார். எல்லாம் முடிந்து மூன்று மாதம் கழித்து மறுபடி அளக்கும்போது அந்தத் தாளையும் எடுத்துப்போய், ஆடுகிற அந்த இரண்டு பற்களின் பழைய எண்ணையும் புதிய எண்ணையும் அப்பாவையே வாசிக்கச் சொல்லுங்கள்.